சுண்ணாம்பு ஏன் கொதிக்கிறது, யூரியா ஏன் குளிர்கிறது: என்தால்பி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வெப்ப இயக்கவியல் பாடம் தொடங்கியதும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகளும் கீழே இருக்கின்றன. சுண்ணாம்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன். அந்த ஒரு பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

என்தால்பி என்றால் என்ன சார்? புத்தகத்தில் இருப்பது மனசில் நிற்கவில்லை.

அழுத்தம் மாறாமல் ஒரு வினை நடக்கும்போது எவ்வளவு வெப்பம் வெளியே போகிறது, எவ்வளவு உள்ளே வருகிறது என்ற கணக்குதான் என்தால்பி மாற்றம். நம் வீட்டு அடுப்பு, வாளி, ஆய்வகத்துக் கண்ணாடிக் குவளை எல்லாமே திறந்து கிடப்பவை. அவற்றின் மேல் எப்போதும் ஒரே காற்றழுத்தம்தான். அதனால் அங்கே தெர்மாமீட்டர் வைத்து நாம் அளக்கும் வெப்பம் என்தால்பி மாற்றமாகவே இருக்கும்.

ஒரு பொருளின் மொத்த என்தால்பி இவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. தொடக்கத்தில் இருந்த பொருள்களுக்கும் முடிவில் கிடைத்த பொருள்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அளக்கிறோம். அதைத்தான் டெல்டா ஹெச் என்கிறோம். விறகுக்குள்ளும் கேஸுக்குள்ளும் வெப்பம் அடைபட்டுக் கிடக்கிறது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். விறகு, ஆக்சிஜன், சாம்பல், புகை எல்லாம் சேர்ந்த கணக்கின் மிச்சம்தான் அந்த வெப்பம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அதே விறகை எரிக்க முடியாது.

வெப்பம் வெளியே வந்தால் அது லாபம்தானே? அதற்கு ஏன் மைனஸ் போடுகிறார்கள்?

பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். பழைய புத்தகங்களில் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடும் ‘கூட்டல் 393.5 கிலோ ஜூலும்’ கிடைக்கும் என்று வெப்பத்தையும் ஒரு விளைபொருள் போலச் சமன்பாட்டுக்குள் எழுதியிருப்பார்கள். அதில் தவறில்லை. இப்போது கணக்கை வினைப்பொருள்களின் பக்கம் நின்று பார்க்கிறோம். அவற்றிலிருந்து 393.5 வெளியே போய்விட்டது, அதனால் டெல்டா ஹெச் −393.5 கிலோ ஜூல். வெப்ப உமிழ் வினைக்கு மைனஸ், வெப்பம் கொள் வினைக்கு பிளஸ். யார் பக்கம் நின்று எண்ணுகிறோம் என்பது தெளிவானால் குழப்பம் போய்விடும்.

பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவரும் என்று உயிரியல் வகுப்பில் படித்தோமே?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல மாணவர்களும் கல்லூரி வரை இந்த எண்ணத்தோடே போய்விடுகிறார்கள். பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். விதிவிலக்கு கிடையாது. பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும்.

ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல் (டஜன் மாதிரி, மூலக்கூறுகளை எண்ண வைத்திருக்கும் ஒரு நிலையான எண்ணிக்கை) ஹைட்ரஜனின் பிணைப்பை உடைக்க 436 கிலோ ஜூல் வேண்டும். குளோரினுக்கு 242. மொத்தச் செலவு 678. புதிதாக இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு பிணைப்புகள் உருவாகும்போது மோலுக்கு 431 வீதம் 862 திரும்பி வருகிறது. 678இலிருந்து 862ஐக் கழித்தால் −184 கிலோ ஜூல். வரவு செலவை மிஞ்சியதால் இது வெப்ப உமிழ் வினை. செலவு மிஞ்சியிருந்தால் வெப்பம் கொள் வினை ஆகியிருக்கும்.

உயிரியலில் ஏடிபி, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு, பற்றிச் சொல்வதும் இதற்குள் அடங்கும். ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட் பிணைப்பு உடைவதற்கும் ஆற்றல் செலவாகத்தான் செய்கிறது. ஆனால் அதே நேரத்தில் தண்ணீரோடு வினைபுரிந்து உருவாகும் புதிய பிணைப்புகளும், விளைபொருள்கள் தண்ணீரில் நிலைபெறுவதும் சேர்ந்து அதைவிட அதிகமாகத் தருகின்றன. ‘ஆற்றல் மிகு பிணைப்பு’ என்று சுருக்கிச் சொல்லிச் சொல்லியே, உடைந்தாலே ஆற்றல் கொட்டும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் வந்துவிட்டது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு ஊறவைத்தால் வாளியே கொதிக்கிறது. நெருப்பே இல்லாமல் எப்படி?

கடையில் வாங்கும் சுட்ட சுண்ணாம்பு என்பது கால்சியம் ஆக்சைடு. அதில் தண்ணீர் சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு உண்டாகிறது. ஒரு மோலுக்கு டெல்டா ஹெச் சுமார் −65 கிலோ ஜூல். கால்சியம் ஆக்சைடின் ஒரு மோல் 56 கிராம்தான். அப்படியானால் ஒரு கிலோவுக்கு 1160 கிலோ ஜூலுக்கு மேல் வருகிறது.

இது எவ்வளவு பெரிய தொகை? ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக சுமார் 293 கிலோ ஜூல் போதும். ஒரு கிலோ சுண்ணாம்பு தரும் வெப்பம் அதைப் போல நான்கு மடங்கு. ஒரு கிலோ சுண்ணாம்புக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் ஊற்றினாலும், வெப்பம் வெளியே சிதறாமல் இருந்தால் தண்ணீர் கொதித்தே தீரும். வாளி ‘கொதிக்கிறது’ என்று நாம் சொல்வது பார்வைக்குத் தோன்றுவதைச் சொல்வதல்ல, தண்ணீர் உண்மையிலேயே கொதிக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தண்ணீர் குறைவாக இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். சுண்ணாம்புக் கட்டியின் மேல் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தால் அந்த இடத்திலேயே நீர் ஆவியாகி, குழம்பு தெறிக்கும். அது சூடும் காரமும் சேர்ந்தது, கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இரும்பு வாளி அல்லது மண் தொட்டியில் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் வாளி வேண்டாம். முகத்தைத் தள்ளி வையுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். தெறித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் கண்ணை நன்றாகக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அந்தச் சூடு சுண்ணாம்புக்குள் எங்கிருந்து வந்தது?

காளவாசலிலிருந்து, அதாவது சுண்ணாம்பு சுடும் சூளையிலிருந்து வந்தது. சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட். அதைக் காளவாசலில் சுடும்போது கார்பன் டை ஆக்சைடு போய், கால்சியம் ஆக்சைடு மிஞ்சுகிறது. இதற்கு மோலுக்குச் சுமார் 178 கிலோ ஜூல் வெப்பம் உள்ளே போக வேண்டும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு இது 3200 கிலோ ஜூல் அளவு. நல்ல மரக்கரி நூறு கிராமே போதும் என்று கணக்கு சொல்லும். உண்மையில் கல்லைச் சூடேற்றவும், சுவர் வழியாகவும் புகை வழியாகவும் போவதை ஈடுகட்டவும் அதைவிட நிறைய எரிக்க வேண்டியிருக்கிறது.

சரி, உள்ளே போனது 178. வாளியில் வெளியே வந்தது 65. மீதி 113 எங்கே?

பதிலைப் பார்க்க மகாலுக்குப் போக வேண்டும். 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் தூண்களும் வளைவுகளும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தவை. மேலே சுதை வேலை. பூசும்போது இருந்தது நீற்றிய சுண்ணாம்பு. அது காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு, தண்ணீரை வெளியேற்றி, மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. கல்லாக இருந்தது சுவரில் திரும்பக் கல்லாகிறது. இந்தக் கடைசி வினையின் டெல்டா ஹெச் மோலுக்குச் சுமார் −113 கிலோ ஜூல். 65ஐயும் 113ஐயும் கூட்டுங்கள், 178 வருகிறது. காளவாசலில் கொடுத்தது முழுவதும் கணக்குத் தீர்ந்துவிட்டது.

சுவர் இறுகும்போது யாருக்கும் சூடு தெரிவதில்லை. காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவு, அது பூச்சுக்குள் நுழையவும் நேரமாகும். மேல்பூச்சு சில வாரங்களிலேயே இறுகத் தொடங்கிவிடும், ஆனால் கனமான சுவரின் உள்பகுதிக்கு மிக நீண்ட காலம் பிடிக்கும். வாளியில் வந்த 65 நிமிடங்களில் வந்தது. சுவரில் வந்த 113 ஆண்டுக்கணக்கில் கசிந்தது. தொகை பெரிது, வேகம்தான் குறைவு.

இந்தக் கூட்டல் எப்போதும் சரியாக வரும் என்று 1840இல் காட்டியவர் ஜெர்மைன் ஹெஸ். ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை பார்த்தவர். வினை ஒரே படியில் நடந்தாலும் பல படிகளில் நடந்தாலும் மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றுதான் என்பது ஹெஸ் விதி. மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாகவும் ஏறலாம், பழனி வழியாகவும் ஏறலாம். தூரமும் வளைவுகளும் வேறு, ஆனால் எந்த வழியில் போனாலும் ஏறிய உயரம் ஏறத்தாழ 2000 மீட்டர்தான். என்தால்பி அந்த உயரம் மாதிரி. அதனால்தான் அதை நிலைச் சார்பு என்கிறோம்.

இந்த விதியால் நேரடியாக அளக்க முடியாததையும் கண்டுபிடிக்கலாம். கார்பனை எரித்துக் கார்பன் மோனாக்சைடு மட்டும் கிடைக்கும்படி செய்து அளப்பது பெரும்பாடு, கூடவே டை ஆக்சைடும் வந்துவிடும். ஆனால் கார்பன் முழுதாக எரிந்தால் −393.5, கார்பன் மோனாக்சைடு எரிந்தால் −283.0 என்று தெரியும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் −110.5 கிடைத்துவிடுகிறது.

வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு ஏன் சுடுவதில்லை?

அது ஏற்கெனவே நீற்றியது. அந்த 65 கிலோ ஜூல் எப்போதோ போய்விட்டது. சோழவந்தான் வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் வாய் வெந்துபோவது காரத்தன்மையால்தான், வெப்பத்தால் அல்ல.

கேஸ் சிலிண்டருக்கு ஒருவர் கிலோவுக்கு 50 மெகா ஜூல் என்கிறார், இன்னொருவர் 46 என்கிறார். எது சரி?

இரண்டும் சரி. சிலிண்டர் கேஸில் இருக்கும் புரோப்பேன் எரிந்து, உண்டாகும் தண்ணீர் திரவமாக நின்றால் மோலுக்கு −2220 கிலோ ஜூல். அதே தண்ணீர் ஆவியாகப் போய்விட்டால் −2044 தான். ஒரு மோல் தண்ணீரை ஆவியாக்க 44 கிலோ ஜூல் தேவை, புரோப்பேன் ஒரு மோலுக்கு நான்கு மோல் தண்ணீர் உண்டாகிறது, ஆக 176 கிலோ ஜூல் ஆவியோடு போய்விடுகிறது. இதை ஒரு கிலோவுக்கு மாற்றினால் முதலாவது 50, இரண்டாவது 46. நம் அடுப்பில் தண்ணீர் ஆவியாகத்தான் போகிறது, அதனால் சமையலுக்கு 46ஐ வைத்துக்கொள்ளுங்கள். 14.2 கிலோ சிலிண்டரில் அப்படிப் பார்த்தால் ஏறத்தாழ 650 மெகா ஜூல். நல்ல அடுப்பு இதில் மூன்றில் இரண்டு பங்கைப் பாத்திரத்துக்குக் கொடுக்கும்.

அப்புறம் ஒரு விஷயம், இது வீட்டுக்கு உடனே உதவும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 293 கிலோ ஜூல் என்றேன். அதையே முழுதாக ஆவியாக்க சுமார் 2257 கிலோ ஜூல். கிட்டத்தட்ட எட்டு மடங்கு! தளதளவென்று கொதிக்கும் பாத்திரத்தின் கீழ் தீயைப் பெரிதாக வைத்தால் வெப்பநிலை 100ஐத் தாண்டிப் போவதில்லை, ஆவிதான் கூடுகிறது. பருப்பு அதனால் சீக்கிரம் வேகாது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள்.

மைனஸ் பெரிதாக இருந்தால் வினை வேகமாக நடக்குமா?

நடக்காது. சிவகாசியில் செய்யும் தீப்பெட்டியைப் பாருங்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது, பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் ஒரே பெட்டியில் எவ்வளவு காலமும் அமைதியாகக் கிடக்கும். உரசும்போது கிடைக்கும் சிறு வெப்பம்தான் தொடங்கி வைக்கிறது. அந்தத் தொடக்கச் செலவுக்குப் பெயர் கிளர்வு ஆற்றல். டெல்டா ஹெச்சைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. வைரம் கிராஃபைட்டாக மாறுவதும் வெப்ப உமிழ் வினைதான், மோலுக்கு −1.9 கிலோ ஜூல். எந்த நகைக்கடையிலும் அது நடந்து பார்த்தவர் கிடையாது.

வயலுக்குத் தெளிக்க யூரியா கரைத்தால் வாளி சில்லென்று ஆகிறது. வெப்பம் செலவாகும் வேலை தானாக எப்படி நடக்கும்?

நல்ல கேள்வி. மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் புத்தகம் படிக்கும் முன்பே இதைக் கையால் தொட்டுத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். யூரியா கரைவது மோலுக்குச் சுமார் 15 கிலோ ஜூல் வெப்பத்தை எடுக்கும் மாற்றம். அந்த வெப்பத்தைத் தண்ணீரிடமிருந்தே எடுப்பதால்தான் வாளி குளிர்கிறது. தானாக நடக்குமா என்பதை என்தால்பி தனியாக முடிவு செய்வதில்லை. ஒழுங்காக அடுக்கியிருந்த படிகம் கரைந்து பரவும்போது என்ட்ரோபி, அதாவது துகள்கள் ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும் அளவு, கூடுகிறது. என்தால்பி மாற்றத்திலிருந்து, வெப்பநிலையையும் என்ட்ரோபி மாற்றத்தையும் பெருக்கி வருவதைக் கழித்தால் கிடைப்பது கிப்ஸ் கட்டிலா ஆற்றல் மாற்றம். அது மைனஸாக இருந்தால் வினை தானாக நடக்கும்.

காளவாசலுக்கும் இதே கணக்கைப் போடலாம். என்தால்பி மாற்றம் 178 கிலோ ஜூல், என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்குச் சுமார் 160 ஜூல். வகுத்தால் 1110 கெல்வின் அருகில், அதாவது 840 டிகிரி செல்சியஸ் வருகிறது. இரண்டு மதிப்புகளும் வெப்பநிலையோடு கொஞ்சம் மாறுவதால் உண்மை மதிப்பு 900ஐ ஒட்டி இருக்கும். அடுப்பு நெருப்பில் சாதாரணமாகக் கல் சுண்ணாம்பாக மாறாததற்கும், காளவாசல் என்று தனியாகக் கட்டியதற்கும் காரணம் இந்த எண்தான்.

வலிமை மிகு அமிலம் எதுவானாலும் நடுநிலையாக்கல் வெப்பம் ஏன் ஒரே அளவு?

ஹைட்ரோகுளோரிக் அமிலமானாலும் நைட்ரிக் அமிலமானாலும், வலிமை மிகு காரத்தோடு சேர்ந்து நடுநிலையாகும்போது நடக்கும் உண்மையான வினை ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து தண்ணீர் ஆவது மட்டுமே. அதனால் நீர்த்த கரைசலில் மோலுக்கு −57 கிலோ ஜூல் அளவிலேயே நிற்கிறது. அசிட்டிக் அமிலம் முழுதாக அயனியாகியிருக்காது. அயனியாவதற்கு ஒரு பங்கு செலவாவதால் வெளிவருவது கொஞ்சம் குறையும்.

சர்க்கரையை நெருப்பில் எரிப்பதும் தின்பதும் ஒன்றா?

ஆற்றல் கணக்கில் ஒன்றுதான். ஒரு கிராம் சர்க்கரை கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆக மாறினால் சுமார் 16.5 கிலோ ஜூல். நெருப்பில் நொடியில் நடக்கும், உடம்பில் பல படிகளாக நடக்கும். தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருப்பதால் ஹெஸ் விதி இங்கேயும் செல்லும். பிஸ்கட் பாக்கெட்டில் போட்டிருக்கும் கலோரி உண்மையில் கிலோ கலோரி, ஒன்றுக்கு 4.184 கிலோ ஜூல். கொழுப்பு கிராமுக்கு 9 கிலோ கலோரி, மாவுச்சத்து 4. கொழுப்பில் ஆக்சிஜன் குறைவு, அதனால் இன்னும் எரிய நிறைய இடம் இருக்கிறது.

மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் வெப்பம் கொள் வினையா?

வினை இல்லை, ஆவியாதல். பொருள் மாறவில்லை, நிலைதான் மாறியது. என்தால்பி கணக்கு அதற்கும் உண்டு, மோலுக்கு 44 கிலோ ஜூல்.

பரீட்சையில் மதிப்பெண் எங்கே போகிறது?

பெரும்பாலும் அலகில். என்தால்பி கிலோ ஜூலில் இருக்கும், என்ட்ரோபி ஜூலில் இருக்கும், மாற்றாமல் கழித்துவிடுகிறார்கள். அடுத்து, தண்ணீர் திரவமா ஆவியா என்று எழுதாமல் விடுவது. சமன்பாட்டைத் திருப்பினால் குறியைத் திருப்ப வேண்டும், இரண்டால் பெருக்கினால் டெல்டா ஹெச்சையும் பெருக்க வேண்டும். பிணைப்பு ஆற்றல் கணக்கில் உடைந்ததிலிருந்து உருவானதைக் கழிக்க வேண்டும். உருவாதல் வெப்பக் கணக்கில் விளைபொருளிலிருந்து வினைபொருளைக் கழிக்க வேண்டும். இந்த இரண்டும் எதிர் எதிராக இருப்பதைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே அளந்து பார்க்க முடியுமா?

தாராளமாக. யூரியாதான் பாதுகாப்பானது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரணத் தெர்மாமீட்டர் வேண்டும். ஒரு தெர்மாகோல் கப்பில் 200 மில்லி தண்ணீர் எடுத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 கிராம் யூரியாவைப் போட்டு வேகமாகக் கலக்கி, இறங்கும் மிகக் குறைந்த வெப்பநிலையைக் குறியுங்கள். ஏறத்தாழ 5 டிகிரி இறங்கும். மொத்த எடை 220 கிராமை 4.18ஆலும், பிறகு 5ஆலும் பெருக்கினால் சுமார் 4600 ஜூல். யூரியாவின் மூலக்கூறு நிறை 60, எனவே 20 கிராம் என்பது மூன்றில் ஒரு மோல். வகுத்தால் மோலுக்கு 13.8 கிலோ ஜூல் வருகிறது.

புத்தக மதிப்பு 15 அளவு. மெதுவாகக் கரையும் நேரத்தில் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் கப்பிலிருந்தும் வெப்பம் உள்ளே நுழைவதால் நமக்குக் குறைவாகத்தான் வரும். கப்புக்கு ஒரு மூடி போட்டு, யூரியாவை முதலிலேயே பொடித்துக்கொண்டு செய்து பாருங்கள், எண் 15ஐ நோக்கி நகரும். அளந்த கப்பைப் பிறகு குடிக்கப் பயன்படுத்த வேண்டாம். கரைசலைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துச் செடிக்கு ஊற்றிவிடலாம்.